மூன்றாவது குஞ்சு

“மெள்ள, மெள்ள. கண்ணாடி.”

அலுமாரியின் தலைப்பக்கம் ஃபஸ்லானின் கையில் இருந்தது. கால்பக்கத்தைப் பஸீஹா பிடித்திருந்தாள். இரண்டு பேருமாக அதைச் சாய்த்து, முதுகு நிலத்தில் படும்படி படுக்க வைத்தார்கள். இழுத்துத் திறக்கிற கண்ணாடிகள் இரண்டும் இப்போது கூரையைப் பார்த்துக் கிடந்தன. அதற்குள் பதினொரு வருடமாக அடுக்கியிருந்த கோப்பைகளும் பீங்கான்களும் கட்டிலில், பெட்சீற்றின் மேல் குவிந்திருந்தன. கலியாணத்துக்கு உம்மா வீட்டிலிருந்து வந்த அலுமாரி அது. வேறு எதுவும் அங்கிருந்து வரவில்லை.

பக்கத்து வீட்டு அலீமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மய்யித்துப் பெட்டி மாதிரி இரிக்கி.”

“வாய மூடுங்க ராத்தா, சாவுக் கதை வேணாம்” என்றாள் பஸீஹா.

“நான் மூடுறேன். வீட்டுக்குள்ள பாம்பக் கண்டா மூணு தரம் போகச் சொல்லோணுமெண்டு ஹஸரத் பள்ளிவாசல் பயான்ல சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் அதுக்குக் கட்டில் போட்டுக் குடுக்கிறீங்க.”

“மூணு தரம் சொல்லிப் பார்த்தேன் ராத்தா” என்றான் ஃபஸ்லான். “அதுக்குத் தமிழ் விளங்குதில்ல.”

பஸீஹா சிரித்தாள். புருஷன் பகல் பத்து மணிக்கு வீட்டில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பகிடி விடுவது அவளுக்குப் புதிது. மூன்று வாரமாக அது நடக்கிறது. இன்னும் பழகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், விமான நிலையத்திலிருந்து வந்த வான் வண்டியை விட்டு இறங்கும்போது அவன் கையில் ஒரு கேக் பெட்டி இருந்தது. எட்டு வயது நிஃப்லா வாப்பாவை விட்டுவிட்டுப் பெட்டியைத்தான் பிடித்தாள். திறந்தால் உள்ளே ஒரு துணிப்பை. பைக்குள் கறுப்பும் மண்ணிறமுமாக, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு உருண்டை. தலை எங்கே என்று தெரியவில்லை.

“போல் பைதன். பயந்தா பந்து மாதிரிச் சுருளும். கடிக்காது. நஞ்சும் இல்ல” என்றான். சவூதியில், தம்மாமில் பூனையும் கிளியும் விற்கிற கடையில் அவனுக்கு வேலை. இதைக் கொழும்பில் ஒரு கூட்டாளியிடம் வாங்கினானாம், வருகிற வழியில்.

நிஃப்லா அதற்கு அந்த இடத்திலேயே பந்து என்று பெயர் வைத்தாள்.

பஸீஹா பாம்பைப் பார்க்கவில்லை. அவனுடைய சூட்கேஸைப் பார்த்தாள். எத்தனை நாள் லீவு என்று கேட்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக எப்போதும் இருக்கும். ஒவ்வொரு தரமும் அவன் சொல்லுகிற நாளை அவள் அன்றைக்கே எண்ணத் தொடங்கிவிடுவாள். முதல் கிழமையும் கடைசிக் கிழமையும் போனால் நடுவில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பாள். ஐந்து லீவு அப்படிப் போயிருந்தது. ஐந்து தரமும், அடுத்த தரத்தோடு சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

“எத்தின நாள்?”

“நாளில்ல. கென்சல் அடிச்சிட்டு வந்துட்டேன்.”

விசாவை ரத்துச் செய்துவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டதை அங்கே போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பஸீஹா சூட்கேஸைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நம்பேல்லயா? இந்த சாமான் எத்தின வருஷம் உசிரோட இரிக்கும் தெரியுமா? முப்பது வருஷம். திரும்பிப் போறவன் இதக் கொண்டு வந்து வீட்டுக்குள்ள விடுவானா?”

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. அவன் சத்தியம் பண்ணியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். சத்தியங்களை அவள் கேட்டிருக்கிறாள். பாம்பைச் சாட்சியாக வைத்துக் கேட்டதில்லை.

ஃபஸ்லானிடம் அவள் நகை கேட்டதில்லை, மாடி கேட்டதில்லை. இங்கே இருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். ஊரிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய அன்று அவளுக்கு வயது ஐந்து. பதினாறு வயது வரை கிடுகு அடைத்த முகாம் வீட்டில் இருந்தாள். ஆட்கள் போவதும் வருவதும், போனவர் வராமல் விடுவதும் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. நுரைச்சோலையில் இந்தக் காணியை வாங்கிக் கல்வீடு எழும்பியபின் அதில் ஒரு ஆம்பிளை நிரந்தரமாக இருந்ததில்லை. கதவுக்குப் பக்கத்தில் அவனுடைய ஒரு சோடிச் செருப்பை அவள் எப்போதும் வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்காக.

அவளுடைய வேலை கோழிக்குஞ்சு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். கொம்பனியிலிருந்து ஐந்நூறு குஞ்சு ஒரு நாள் வயதில் பெட்டியில் வரும். நாற்பதாவது நாள் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் எல்லாம் அவள் கையில். கூட்டத்தில் மிதிபட்டுக் கிடக்கிற நோஞ்சான் குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பல்ப் போட்ட பெட்டிக்குள் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சீனித் தண்ணீர் பருக்கி எழுப்பிவிடுவாள். பஸீஹா செத்த குஞ்சையும் நடக்க வைப்பாள் என்று அலீமா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். டெலிபோனில் இதையெல்லாம் பஸீஹா ஃபஸ்லானுக்கும் சொல்லுவாள். வேறு சொல்ல என்ன இருக்கிறது.

ஆகவே பாம்புக்கு வீடு வைக்கிற வேலையும் அவளிடம் வந்தது. அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தகரத்தை வளையமாக வளைத்து, உமி பரப்பி, மேலே நூறு வோட் பல்ப்பைத் தொங்கவிட்டாள். இரவும் பகலும் அணைக்கவில்லை. குஞ்சுக்கு வெளிச்சம்தான் தாய். வெளிச்சம் போனால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபட்டுச் சாகும். காற்றோட்டமாக இருக்க வேண்டும், உமி காய்ந்து இருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் வைத்தாள்.

பாம்பு தகரத்தோரமாக உருண்டு கிடந்தது. அசையவில்லை. ஐந்தாம் நாள் ஒரு குஞ்சை உயிரோடு உள்ளே விட்டாள். குஞ்சு கத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு பாம்பின்மேல் ஏறிச் சிறகை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டது. நிஃப்லா விழுந்து விழுந்து சிரித்தாள். ஃபஸ்லான் சிரிக்கவில்லை.

“தின்னோணும். இது தின்னாட்டிச் சரிவராது.”

“புது இடம். பழகட்டும்.”

“தின்ன வெச்சுப் போடு பஸீஹா. உனக்கு ஏலும்.”

மூன்று வாரம் அது தின்னவில்லை. தோல் காய்ந்து, முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் டெலிபோனில் ஒவ்வொன்றாகப் பார்த்து அவளுக்கு வாசித்துச் சொன்னான். கேட்கக் கேட்க அவளுக்கு விளங்கியது. குஞ்சுக்கு எது வேண்டுமோ அதற்கு நேர்மாறு இதற்கு. குஞ்சுக்கு வெளிச்சம், இதற்கு இருட்டு. குஞ்சுக்குக் காய்ந்த தரை, இதற்கு ஈரம். குஞ்சுக்கு ஓடித் திரிய இடம். இதற்கு உடம்பின் இரண்டு பக்கமும் முட்டுகிற மாதிரி ஒரு பொந்து. விசாலமான இடத்தில் விட்டால் பயத்திலேயே பட்டினி கிடக்கும்.

அது ஒன்றை அவள் அவனிடம் கேட்காமலே விளங்கிக்கொண்டாள். முகாமில் நிவாரண அரிசி மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கியிருப்பார்கள். இரண்டு மூட்டைக்கு நடுவே ஒரு பிள்ளை படுக்கிற இடைவெளி இருந்தது. பாயில் எவ்வளவோ இடம் இருக்க, ஒரு வருடம் அவள் அதற்குள்தான் தூங்கினாள். ஏன் என்று உம்மா கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை.

“அலுமாரியப் படுக்க வெப்பம்” என்றாள். “சுத்திவரப் பலகை. மேல மட்டும் கண்ணாடி. அதுக்கும் துணி போடலாம்.”

“உன்ட கலியாண அலுமாரியையா?”

“பீங்கான் கட்டிலுக்குக் கீழ கிடக்கும். விருந்தாளியா வரப்போறாங்க இங்க?”

ஃபஸ்லான் அளவு நாடாவை எடுத்து முதலில் வாசல் கதவை அளந்தான்.

“அத ஏன் அளக்கிறீங்க?”

“பிறகு வெளிய எடுக்க ஏலுமா பார்க்கணுமே. கழுவக் கிழுவ.”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அலுமாரி படுத்தபின் இரண்டு நாள் வேலை இருந்தது. உள்தட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி இரண்டு பக்கப் பலகைகளிலும் வரிசையாகத் துளை போட்டாள். ஒரு மூலையில் பல்ப்பைப் பொருத்தி, பாம்பு சுட்டுக்கொள்ளாதபடி கம்பிவலையால் சுற்றினாள். தும்பு மில்லில் ஒரு சாக்குத் தும்புத்தூள் வாங்கினாள். கடலோரக் களப்புத் தண்ணீரில் ஊறின தேங்காய் மட்டையின் தூள். அதில் உப்பு இருக்கும். கிணற்றடியில் தூளைக் கழுவிப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் தரம் கழுவியபின்தான் உப்பு விட்டது. பழைய மண்சட்டிகள் இரண்டின் விளிம்பைக் கொத்திச் சின்ன வாசல் வைத்துக் கவிழ்த்தாள். ஒன்று பல்ப் பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். அது தனக்கு வேண்டிய பக்கம் போய்ப் பதுங்கட்டும். கொட்டிலில் இருந்த சூடு பார்க்கிற கருவியைக் கழற்றி நூலில் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் முப்பத்திரண்டு, இந்தப் பக்கம் இருபத்தாறு என்று வரும்வரை பல்ப்பை மாற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு மேல் தன்னுடைய பழைய கறுப்பு அபாயாவை மடித்துப் போட்டாள்.

பாம்பை விட்டதும் அது கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு குளிர்ந்த பக்கத்துச் சட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வாலின் நுனி மட்டும் வெளியே கிடந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“குடி போயிட்டாரு மாப்பிள்ள” என்றாள் அலீமா. “பால் காய்ச்சேல்லயா?”

குடி போனதே தவிர, ஒரு மாதமாகியும் அது தின்னவில்லை. நோம்பு மாதம் பிறந்தது. இதுவும் நம்மோடு சேர்ந்து நோம்பு பிடிக்கிறது, ஆனால் துறக்கத்தான் மாட்டேன் என்கிறது என்று நிஃப்லா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

குஞ்சு அதற்கு உணவாகப் படவில்லை என்பதுதான் கோளாறு. எலி தின்கிற சாதி அது. ஊர் எலியைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது, நஞ்சு தின்ற எலியாக இருந்தால் பாம்பும் போய்விடும் என்றான் ஃபஸ்லான். பஸீஹா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நோம்பன்று கொட்டிலில் தீவன மூட்டையை நகர்த்தியபோது பின்னால் ஒரு எலிக்கூடு இருந்தது. சாக்கு நாரும் கடதாசியும் பழைய துணியுமாகக் கிழித்துப் போட்ட கூடு. மூக்கைத் துளைக்கிற நாற்றம். அவள் அதை அப்படியே அள்ளிப் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டாள். அன்று காலை வந்த பெட்டியில் செத்துக் கிடந்த குஞ்சு ஒன்றை அதற்குள் புதைத்து மூடினாள். லுஹர் தொழுகையிலிருந்து பின்னேரத்து அஸர் தொழுகை வரை கிடந்தது. பிறகு எடுத்துப் பல்ப்புக்குக் கீழே சூடாக்கி, அடுப்புக் குறட்டால் பிடித்துச் சட்டி வாசலில் நீட்டினாள்.

நாக்கு வந்தது. தலை வந்தது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி குறட்டில் குஞ்சு இல்லை.

“இஞ்சருங்க! ஓடி வாங்க!”

ஃபஸ்லான் ஓடி வந்தான். பாம்பு குஞ்சை மூன்று சுற்றாகச் சுற்றிப் பிடித்திருந்தது. அவன் டெலிபோனை எடுத்துப் படம் பிடித்தான். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தான். நோம்பு நேரம், மகள் வேறு நிற்கிறாள். பஸீஹா கையைத் தட்டிவிட்டாள். ஆனால் அந்தக் கை அன்று முழுவதும் தலையில் இருந்தது.

“திகதி போட்டு எழுதி வை” என்றான்.

குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் குறிக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். திகதி, நேரம், குஞ்சு ஒன்று, பல்ப் பக்கம் முப்பத்திரண்டு. அட்டையை அலுமாரிக்கு மேலே சுவரில் ஆணியில் கொழுவினாள். ஃபஸ்லான் அட்டையையும் படம் பிடித்தான்.

“அத ஏன்?”

“உன்ட எழுத்து வடிவா இரிக்கி.”

இரண்டாவது குஞ்சைப் பத்து நாள் கழித்துத் தின்றது. அந்தப் பத்து நாளில் ஃபஸ்லான் குசினிக் கூரையில் ஒழுகுகிற தகரத்தை மாற்றினான். இரண்டாவது கொட்டில் ஒன்று போடலாம், ஐந்நூறை ஆயிரமாக்கலாம் என்றான். பின்வளவில் கயிறு பிடித்து அளந்து நான்கு மூலைக்கும் நான்கு கம்பு நட்டான். பஸீஹா அன்றைக்கு உம்மாவுக்கு டெலிபோன் எடுத்து, மருமகன் நின்றுவிட்டார் என்று சொன்னாள். அதுவரை அவள் அதை ஒருவரிடமும் வாய் விட்டுச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் உடைந்துவிடும் என்று வைத்திருந்தாள்.

கட்டிலுக்குக் கீழே பீங்கான்களுக்கு இடம் போதவில்லை. அவனுடைய சூட்கேஸ் மூலையில் சும்மா நின்றது.

“இதுக்குள்ள பீங்கானப் போட்டு வைக்கவா? இனி இது என்னத்துக்கு?”

“அது கிடக்கட்டும்” என்றான். “சிப் இறுக்கம். உடைஞ்சிரும்.”

சிப் இறுக்கமாக இருந்தால் பீங்கான் ஏன் உடைய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாவது குஞ்சு இருபத்து மூன்றாம் நோம்பு. பாம்புக்கு இப்போது அவளுடைய காலடி தெரியும். கண்ணாடியை இழுக்கிற சத்தத்துக்கே தலையை வெளியே நீட்டியது. முதுகெலும்பு மறைந்து உடம்பு உருண்டிருந்தது. தோல் ஒரே உறையாகக் கழன்று கிடந்தது. ஒரு கிழிசல் இல்லாமல் கழன்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். அட்டையில் மூன்றாவது வரியை எழுதினாள். ஃபஸ்லான் அன்று மதுரங்குளிக்குப் போய் வட்டிலப்பம் வாங்கி வந்தான். நோம்பு துறந்ததும் நிஃப்லாவைத் தூக்கிச் சுற்றினான். ஒரு பாம்பு தின்றதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று பஸீஹாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இது தங்கள் மூன்று பேருக்குமான சந்தோஷம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாம் நோம்பன்று அஸர் நேரம் பின்பக்கம் திறந்த ஒரு டபுள் கெப் வாகனம் வந்து வாசலில் நின்றது. ஃபஸ்லான் பள்ளிக்குத் தொழப் போயிருந்தான். இறங்கியவனுக்கு முப்பது வயதிருக்கும், கையில் ஒரு பழைய மெத்தை விரிப்பும் கயிறும் வைத்திருந்தான்.

“ஃபஸ்லான் நானாட வீடுதானே? நான் லத்தீப், ராத்தா. ஹோட்டல்லருந்து வாறேன்.”

கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற ஹோட்டல்களில் ஒன்றைச் சொன்னான். அங்கே அவன் ட்ரைவர்.

“அவர் பள்ளியில. என்ன விஷயம்?”

“பாம்ப ஏத்தத்தான்.”

“எந்தப் பாம்ப?”

லத்தீப் சிரித்தான். “ரெண்டு மூணு பாம்பு இரிக்கா ராத்தா வீட்டில? மூணு தரம் தின்டு முடிஞ்சா வந்து எடுக்கச் சொன்னாரு. அட்டைட படமெல்லாம் எங்கட முதலாளிக்கு அனுப்பியிரிக்காரு. கொழும்புக்காரன்ட கையில அது தின்னாமக் கிடந்து சாகப் போன சாமான். சும்மா மாதிரித்தான் தந்திருப்பான். எங்கட முதலாளி தெளிவாச் சொல்லிட்டாரு, தின்னுற பாம்பெண்டா எடுப்பேன், தின்னாததெண்டா வேணாம். அப்ப ஃபஸ்லான் நானா சொன்னாராம், என்ட பொஞ்சாதி செத்த குஞ்சையும் நடக்க வைப்பா, மூணு மாசம் லீவு இரிக்கி, அதுக்குள்ள தின்னவெச்சுத் தாறேனெண்டு.”

பஸீஹா சுவரில் தொங்கிய அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

“எத்தின மாசம்?”

“மூணு.” அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். “பெருநாளுக்கு மூணாம் நாள் ப்ளைட் தானே ராத்தா. நான்தானே ஏர்போட்டில விடப் போறேன்.”

ஃபஸ்லானின் மோட்டார் சைக்கிள் வந்தது. கெப்பைக் கண்டதும் அவன் தொப்பியைக் கழற்றினான். லத்தீப்பைப் பார்த்து, “நாளைக்கெண்டுதானே சொன்னேன்” என்றான்.

“நாளைக்கு வாகனம் இல்ல நானா.”

மூன்று பேரும் வீட்டுக்குள் வந்து முன்சாலையில் நின்றார்கள். அலுமாரிக்குள் பாம்பு சட்டியைவிட்டு வெளியே வந்து, கண்ணாடியோரமாகத் தலையை வைத்திருந்தது. தீனி நேரம் என்று நினைத்திருக்க வேண்டும்.

“கென்சல் எண்டு சொன்னீங்க” என்றாள் பஸீஹா.

“ஒரு ரெண்டு வருஷம். இதோட சரி.”

“கென்சல் எண்டு சொன்னீங்க.”

“சொன்னேன். போறேனெண்டு சொல்லியிருந்தா நீ இத இப்படிப் பார்த்திருப்பியா?”

அவன் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. ஒரு கணக்கை விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குஞ்சுக்கு வெளிச்சம், பாம்புக்கு இருட்டு. இவளுக்கு எது போட்டால் தின்ன வைப்பாள் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எலிக்கூட்டுக்குள் புதைத்த குஞ்சு மாதிரி, தன் முன்னால் நீட்டினதற்கு வேறு ஒன்றின் மணத்தைப் பூசி நீட்டியிருக்கிறான். அவளும் எட்டிப் பிடித்துவிட்டாள்.

லத்தீப் தொண்டையைச் செருமினான். “ராத்தா, ஒரு வார்த்தை. முதலாளி கேக்கச் சொன்னாரு. மூணும் முழுசாத் தின்டதா? கக்கேல்லயே?”

கக்கிவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வந்த கெப் சும்மா திரும்பிப் போகும். ஃபஸ்லான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் கெப் திரும்பிப் போனாலும் ப்ளைட் போகத்தான் போகிறது. அதற்காக நோம்பு வாயால் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“மூணும் தின்டது” என்றாள். “கக்கேல்ல.”

ஃபஸ்லான் மூச்சை விட்டான். லத்தீப்போடு சேர்ந்து அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

“அதத் தொடாதீங்க.”

“பஸீஹா, பாம்ப அதுட வீட்டோட தாறதெண்டுதான் கதை.”

“பாம்பு உங்கட. கொண்டு போங்க. அலுமாரி என்ட உம்மா தந்தது.”

அவன் கைகளை எடுத்தான். லத்தீப் சுவரைப் பார்த்தான். பஸீஹா ஒரு தலையணை உறையை எடுத்து வந்து, கண்ணாடியை இழுத்து, பாம்பைத் தன் கையாலேயே தூக்கினாள். மெத்தென்று, பல்ப்பின் சூட்டோடு இருந்தது. கையைச் சுற்றியது. அவள் கழற்றி உறைக்குள் விட்டாள். உறையின் வாயை முடிச்சுப் போட்டு நிலத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உறைக்குள் அது உருண்டது. தலையை உள்ளே வைத்து, சுற்றிச் சுற்றி இறுகி, முதல் நாள் கேக் பெட்டியில் வந்த அதே உருண்டை. துணிக்கு வெளியே அப்படியே தெரிந்தது.

பஸீஹா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹோட்டலில் கண்ணாடிப் பெட்டி வைப்பார்கள். நாலு பக்கமும் வெளிச்சம் போடுவார்கள். வெள்ளைக்காரர் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு தெரியும்.

“அங்க என்ன இரிக்கி, இத வைக்க?” என்று லத்தீப்பைக் கேட்டாள்.

“ஒண்டுமில்ல ராத்தா. வீட்டோட வருதெண்டு சொன்னாங்க.”

அவள் குனிந்து பல்ப் வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

“கொண்டு போங்க. படுக்க வெச்சபடியே தூக்கோணும், நிமித்தாதீங்க. பல்ப் இந்தப் பக்கம். சட்டி ரெண்டையும் மாத்தி வைக்காதீங்க. தும்புத்தூள் காயக் காயத் தண்ணி தெளிக்கோணும், கையால பிழிஞ்சா சொட்டக் கூடாது. குஞ்ச எலிக்கூட்டுல புதைச்சுத்தான் குடுக்கோணும்.” பிஸ்கட் ரின்னை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “கண்ணாடிக்கு மேல இந்தத் துணி எப்பவும் இரிக்கோணும். ஆக்கள் பார்க்கிற நேரமும்.”

“ஓம் ராத்தா.”

“திருப்பிச் சொல்லு.”

லத்தீப் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். ஒன்றில் பிழைவிட்டான். அவள் திருத்தினாள்.

அலுமாரி வாசல் கதவுக்குள்ளால் எங்கேயும் முட்டாமல் போனது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. அலீமா தன் வேலியடியில் நின்று பார்த்தாள். நிஃப்லா குர்ஆன் மத்ரஸாவிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

கெப் போனபின் ஃபஸ்லான் அவளுக்குப் பக்கத்தில் வந்து, “முதல் மாசமே புது அலுமாரி ஒண்டு அனுப்புறேன்” என்றான்.

“நோம்பு துறக்க நேரமாகுது” என்றாள் பஸீஹா. “கஞ்சிக்கு உப்புப் பாருங்க எண்டு சொல்லவும் ஏலா. நீங்களும் நோம்பு.”

மறுநாள் இருபத்தாறாம் நோம்பு. காலையில் கொம்பனியிலிருந்து ஒருவர் தீவனம் இறக்கிவிட்டுப் போனார். பஸீஹா மூட்டைகளை அடுக்கினாள். கொட்டிலில் இருந்து கழற்றிய சூடு பார்க்கிற கருவி அலுமாரியோடு போய்விட்டதால், குஞ்சுகளுக்குச் சூடு போதுமா என்று கையை வைத்துப் பார்த்தாள். மூன்று குஞ்சு செத்திருந்தது. குழி தோண்டிப் புதைத்தாள். பந்து எங்கே என்று நிஃப்லா காலையில் இரண்டு தரம் கேட்டாள். வாப்பாவிடம் கேள் என்றாள். பிள்ளை போய்க் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பத்து மணிக்கு ஃபஸ்லான் சூட்கேஸை வெளியே எடுத்துத் திறந்து வெயிலில் வைத்தான். சிப் இலேசாகத்தான் திறந்தது. பின்வளவில் நட்ட கம்புகளுக்கு இடையே கயிறு கட்டி, கழுவிய சேட்டுகளைக் காயப் போட்டான். பஸீஹா கட்டிலுக்குக் கீழிருந்த பீங்கான்களை எடுத்துத் துடைத்து, அலுமாரி கிடந்த இடத்தில் பாய் விரித்து அடுக்கினாள். ஒரு கோப்பையின் பிடி உடைந்திருந்தது. சுவரில் அட்டை ஆணியிலேயே இருந்தது. மூன்று வரி. அஸருக்குப் பிறகு கஞ்சிக்கு அரிசி போட்டாள்.